கோபயாஷி இச்சிசோ

மக்கள் நெருங்கி வாழும் ஊர்களைத் தேர்ந்து, அவற்றை இணைக்குமாறு இருப்புப்பாதை இடுதல் உலக வழக்கம். பொருள் முதலிடுவோர் முதற்கண் வினவுவது, அவ்வழியே நாள்தோறும் செல்வோர் எத்தனை பேர் என்பதேயாகும். செல்வோர் இலராயின் பாதையும் இல்லை. இவ்வழக்கத்திற்கு மாறாக, வயலும் குன்றும் மிகுந்த நிலத்தினூடே பாதையை இட்டு, அதில் ஏறிச் செல்லுதற்குரிய மக்களைப் பின்னர் வருவித்த ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். ஒசாகா என்னும் பெருநகரையும் அதன் புறநகர்களையும் இணைக்கும் ஹான்கியூ மின்சார இரயில் பாதையைத் தோற்றுவித்த கோபயாஷி இச்சிசோ என்பவரே அவர்.

ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவிற்கு மேற்கே, மலைகள் சூழ்ந்த யமனாஷி என்னும் மாகாணம் உள்ளது. அங்குள்ள நிராசாகி என்னும் ஊரில், செல்வம் மிக்க வணிகர் குடியொன்றில், 1873-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். கோபயாஷி என்பது குடிப்பெயர். ஜப்பானியர் குடிப்பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். இச்சிசோ என்னும் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளும் ஒன்று, மூன்று என்னும் எண்களைக் குறிப்பன. முதல் திங்களின் மூன்றாம் நாளில் பிறந்தமையால் அப்பெயர் இடப்பெற்றது. பிறந்த ஆண்டிலேயே அன்னை மறைந்தார். அக்குடிக்கு மருமகனாக வந்திருந்த தந்தையும் தம் பிறந்தகத்திற்குத் திரும்பிவிட்டார். தாயும் தந்தையும் இன்றி உறவினர் இல்லத்தில் வளர்ந்த அக்குழந்தைக்கு உணவுக்கோ உடைக்கோ குறைவில்லை. எனினும் தனக்கென ஓர் இல்லம் இல்லாத குறை இருந்தது. பிற்காலத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இல்லம் அமைத்துத் தருவதையே தம் தொழிலின் அடிப்படையாகக் கொண்டவர் இவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பதினைந்தாம் வயதில் அவர் டோக்கியோ சென்று கேயோ கல்லூரியில் சேர்ந்தார். பாடங்களைக் காட்டிலும் நாடகமும் கதையுமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. நாவலாசிரியர் ஆதலே அவர்தம் பெருவிருப்பம். 1890-இல், பதினேழு வயது மாணவராக இருந்தபோதே, தம் மாகாணத்துச் செய்தித்தாளில் ஒரு தொடர்கதை எழுதலானார். அவ்வாண்டில் டோக்கியோவில் நிகழ்ந்த ஒரு பாதிரியாரின் கொலையை அடியொற்றிய கதை அது. கொலை நிகழ்ந்து சில நாள்களுக்குள்ளாகவே அதனைக் கதையாக்கியவர் யாவர் என்று காவல் துறையினர் ஐயுற்று உசாவத் தொடங்கினர். கதை இடையிலேயே நின்றது. கல்லூரியை விட்டபின் செய்தித்தாள் ஒன்றில் சேர முயன்றார், அதுவும் கைகூடவில்லை. இறுதியில், மனம் இன்றியே, 1893-இல் மித்சுயி வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். அவ்வேலைக்கும் குறித்த காலத்திற்குச் சில திங்கள் தாழ்த்தே சென்று சேர்ந்தார் எனின், அவருக்கு அதன்பால் இருந்த ஆர்வம் எத்தகையது என்பது விளங்கும்.

வங்கியில் அவர் கழித்த பதினான்கு ஆண்டுகளும் பெருமைக்குரியன அல்ல. ஒசாகா, நகோயா, டோக்கியோ என ஊர்தோறும் மாற்றப்பெற்றார்; பதவியில் உயர்ந்தாரல்லர். ஆயினும் ஒசாகாக் கிளையில் தமக்கு மேலதிகாரியாக இருந்த இவாஷிதா செய்ஷூ என்பாரின் நட்பை மட்டும் பெற்றார். இவாஷிதா பின்னர் அவ்வேலையை விட்டுக் கிடஹாமா வங்கியை நடத்தலானார். ஒசாகாவில் பங்கு வாணிக நிறுவனம் ஒன்றை நிறுவப்போவதாகவும், கோபயாஷி வந்து அதனை ஏற்று நடத்தவேண்டும் என்றும் 1907-இல் அவர் அழைத்தார். கோபயாஷியும் வங்கி வேலையை விடுத்து மனைவி மக்களுடன் ஒசாகாவை அடைந்தார். அவ்வேளையிலேயே பங்குச்சந்தை சரிந்து வீழ்ந்தது. ரஷ்யாவோடு நடந்த போரில் வெற்றி பெற்றபின் அளவுகடந்து ஏறியிருந்த விலைகள் எல்லாம் ஒருங்கே இறங்கின. தொடங்கவிருந்த நிறுவனம் தொடங்கப்படவே இல்லை. முப்பத்து நான்கு வயதில், அயலூரில், குடும்பத்தோடு வேலையற்று நின்றார் கோபயாஷி.

அப்போது ஹான்கக்கு இரயில் நிறுவனம் என்பதில் கணக்காய்வு செய்யும் பதவி ஒன்று கிடைத்தது. அதுவும் நிலையானதன்று, அந்நிறுவனத்தை அரசு தன் உடைமையாக்கிக் கொள்ளும் காலம் நெருங்கியிருந்தது. அதன் பங்குதாரர்கள், ஒசாகாவின் உமேதா என்னும் பகுதியிலிருந்து வடக்கே மினோ, தகராசுகா, அரிமா ஆகிய இடங்களுக்கு மின்சார இரயில் பாதை இடப் புதிய நிறுவனம் ஒன்றைக் காண முற்பட்டிருந்தனர். மினோ அருவியும் செவ்விலை மரங்களும் உடைய மலைச்சாரல். ஏனைய இரண்டும் வெந்நீர் ஊற்றுகள் உள்ள சிற்றூர்கள். இடையில் இருந்தவை நெல்வயல்களும் தோட்டங்களும் சில பழைய ஊர்களுமே. ஒசாகாவிற்கும் கோபே துறைமுகத்திற்கும் இடையே கடலோரமாகச் சென்ற ஹான்ஷின் மின்சார இரயில் 1905 முதல் நிரம்பிய கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அருவி காணவும் வெந்நீரில் குளிக்கவும் செல்வோரை மட்டும் நம்பி மற்றொரு பாதை எவ்வாறு பிழைக்கும்? சந்தை வீழ்ந்தபின் பங்கு வாங்குவோர் பின்வாங்கினர். 1,10,000 பங்குகளில் ஏறத்தாழப் பாதி ஏற்பாரின்றிக் கிடந்தது. தொடங்கும் முன்னரே நிறுவனத்தைக் கலைத்துவிடலாம் என்று பலரும் பேசினர்.

அந்நாள்களில் கோபயாஷி, பாதை செல்லவிருந்த வழியே ஒசாகாவிலிருந்து இகெதா என்னும் ஊர் வரை நடந்தார். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவு அது. ஒருமுறை அன்று, இருமுறை நடந்தார். பிறர் அவ்வழியில் பயணிகள் இன்மையைக் கண்டனர். அவர் நிலத்தைக் கண்டார். மேட்டுப்பாங்கான நிலம், தூய நீர், மாசற்ற காற்று, விலையோ மிகக் குறைவு. மறுபுறம் ஒசாகாவின் நிலை அவர் அறியாததன்று. நூலாலைகளும் பிற தொழிற்சாலைகளும் மலிந்து, வானம் கரும்புகையால் மூடப்பெற்று, மக்கள் நெருக்கத்தால் நோய் மிகுந்திருந்தது அந்நகரம். அங்குள்ள அலுவலகங்களில் திங்கள் ஊதியம் பெறுவோர் பெரும்பாலும் வாடகை வீடுகளில் நெருக்குண்டு வாழ்ந்தனர். பாதையோரத்து நிலத்தை இரயில் வரும்முன்னரே வாங்கி, மனைகளாகப் பிரித்து, வீடு கட்டி அவர்களுக்கு விற்றால் என்ன? நிலத்தால் வரும் ஊதியம் நிறுவனத்தைத் தாங்கும். வீடு வாங்கியவர் காலையும் மாலையும் இரயிலில் ஏறியே தீர்வர். இவ்வெண்ணம் அந்நடையில் அவர் உள்ளத்தில் உருப்பெற்றது.

அவர் இவாஷிதாவிடம் சென்று உதவி வேண்டினார். இவாஷிதா, பிறரிடம் ஊழியம் செய்யும் மனநிலையோடு இதில் இறங்குதல் கூடாது என்றும், தம் வாழ்நாள் தொழிலாக ஏற்பதாயின் துணை நிற்பதாகவும் கூறினார் என்பர். கோபயாஷி அவ்வாறே துணிந்தார். முயற்சி தோற்று நிறுவனம் கலையுமாயின், அதுவரை ஆன செலவுகளுக்குத் தாமே பொறுப்பு என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பெருஞ்செல்வர் அல்லாத ஒருவர், பணியும் நிலையாக இல்லாத நிலையில், அவ்வாறு கையெழுத்திட்டது சிறிய செயலன்று. 1907 அக்டோபரில் மினோ அரிமா மின்சார இரயில் நிறுவனம் தோன்றியது. எஞ்சிய பங்குகளில் பெரும்பகுதியைக் கிடஹாமா வங்கி ஏற்றது.

எழுத்தாளர் ஆகாத கோபயாஷியின் எழுதுகோல் இப்போது பயன்பட்டது. 1908-இல் அவர் ஒரு சிறுநூல் எழுதி 10,000 படிகள் அச்சிட்டுப் பரப்பினார். பாதைக்கு ஆகும் செலவு எவ்வளவு, நிலத்தால் கிடைக்கும் வருவாய் எவ்வளவு, பங்குதாரருக்கு வரும் ஈவு எவ்வளவு என்பவற்றை எல்லாம் வினாவும் விடையுமாக அதில் விளக்கினார். நிறுவனங்கள் தம் கணக்கை மறைத்து வைப்பதே இயல்பாக இருந்த அந்நாளில் இது புதுமையாகும். மறு ஆண்டில் மற்றொரு சிறுநூல் வந்தது. புகை மண்டிய நகரில் உழலும் ஒசாகா மக்களை விளித்து, எத்தகைய நிலத்தைத் தேர்ந்து எத்தகைய வீட்டில் வாழவேண்டும் என்று அது எடுத்துரைத்தது.

1910 மார்ச்சு 10-ஆம் நாள் உமேதாவிலிருந்து தகராசுகா வரை 24 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பாதையும், இடையே பிரிந்து மினோவுக்குச் செல்லும் கிளையும் திறக்கப்பெற்றன. அரிமாவிற்குச் செல்லவேண்டிய பகுதி மலைப்பாங்கானது. அது நிறைவேறாமலே கைவிடப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் மட்டும் அரிமா சில ஆண்டுகள் நிலைத்தது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் இகெதா நிலையத்தை அடுத்த முரோமாச்சி என்னும் குடியிருப்பில் வீடுகள் விற்பனைக்கு வந்தன. சுமார் 200 மனைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 330 சதுர மீட்டர் பரப்புடையது. வீடும் தோட்டமும் சேர்ந்து விலை 2,500 யென் அளவில் இருந்தது. யென் என்பது ஜப்பானிய நாணயம். அத்தொகையை ஒருங்கே செலுத்தவல்ல ஊதியக்காரர் மிகச் சிலரே. ஆதலின் ஒரு பகுதியை முதலிற் செலுத்தி, எஞ்சியதைத் திங்கள்தோறும் 24 யென் வீதம் பத்தாண்டுகளில் செலுத்தலாம் என்று கோபயாஷி விதித்தார். வாடகை கொடுப்பதுபோலக் கொடுத்து வந்தால் பத்தாம் ஆண்டின் முடிவில் வீடு சொந்தமாகிவிடும். தவணை முறையில் வீடு விற்பதை ஜப்பானில் முதன்முதலாகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது இதுவேயாகும். மின்விளக்கு வசதியும், குடியிருப்போர் கூடிப் பொழுதுபோக்க ஒரு மன்றமும் அங்கு அமைந்தன. வீடுகள் விரைந்து விற்றன. இதனைத் தொடர்ந்து சகுராய், தொயோனாகா முதலிய இடங்களிலும் குடியிருப்புகள் எழுந்தன. ஆலைகளில் நாட்கூலி பெற்று உழைத்தவர்க்கு இவ்வீடுகள் எட்டாதவையாகவே இருந்தன என்பதையும் மறைத்தற்கில்லை. புகையை உண்டாக்கிய உலைகளின் அருகே நின்றவர்கள் புகையினூடேயே வாழ்ந்தனர். எழுதுகோல் பிடித்தவரே இகெதாவின் காற்றை நுகர்ந்தனர்.

குடியிருப்போர் காலையில் நகர் சென்று மாலையில் மீள்வர். நண்பகலிலும் விடுமுறையிலும் வண்டிகள் வெறுமையாக ஓடலாமா? பாதையின் மறுமுனைக்கு மக்களை இழுக்கும் பொருட்டு மினோவில் ஓர் உயிரியற் காட்சிச்சாலை அமைத்தார். அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1911-இல் தகராசுகாவில் ஆற்றங்கரையில் புதிய வெந்நீர்க் குளியலகம் ஒன்றைத் திறந்தார். அது பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அவ்வூக்கத்தால் மறு ஆண்டில், கூரையின்கீழ் அமைந்த நீச்சற்குளம் ஒன்றையும் கட்டினார். அக்காலத்தில் ஜப்பானில் அத்தகைய குளம் அரிதினும் அரிது. ஆனால் நீரைச் சூடாக்கும் ஏற்பாட்டை எவரும் எண்ணவில்லை. வெயில் படாத நீர், இறங்கியவர் சிறிது நேரமும் நிற்க இயலாதவாறு குளிர்ந்திருந்தது. ஆணும் பெண்ணும் ஒருங்கே நீந்துதலையும் அதிகாரிகள் தடுத்தனர். குளம் விரைவில் மூடப்பட்டது.

கட்டிய கட்டடத்தை இடிக்க அவர் விரும்பவில்லை. குளத்தின்மேல் பலகை பரப்பி அவையோர் இருக்கும் இடமாக்கினார். உடை மாற்றும் அறையை மேடையாக்கினார். டோக்கியோவில் மித்சுகோஷி என்னும் பெருங்கடை சிறுவர் இசைக்குழு ஒன்றை நடத்திப் புகழ் பெற்றிருந்தது. அதனைக் கண்டிருந்த கோபயாஷி, சிறுமியர் குழுவொன்றை அமைக்க எண்ணினார். 1913-இல் பதினாறு சிறுமியர் முதலிற் சேர்க்கப்பெற்றனர். பாட்டும் ஆட்டமும் கற்பித்தபின், 1914 ஏப்ரல் 1-ஆம் நாள் அவர்கள் முதன்முதலாக மேடை ஏறினர். பீச்சுப் பழத்தினின்று பிறந்த மொமொதாரோ என்னும் வீரச் சிறுவனின் பழங்கதையை இசை நாடகமாக நடித்தனர். குளியலகத்திற்கு வந்தவர்க்கு நாடகம் காணத் தனிக்கட்டணம் இல்லை. இவ்வாறு ஒரு பயனற்ற குளத்தின்மேல் தோன்றியதே, ஆண் வேடங்களையும் பெண்களே தாங்கி நடிக்கும் தகராசுகா நாடகக் குழுவாகும். 2014-இல் அது தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. தொடக்க காலத்து நாடகங்கள் சிலவற்றைக் கோபயாஷியே எழுதினார். காவல் துறையினரால் இடையில் நின்ற எழுத்து, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் மேடையில் தொடர்ந்தது. அம்மகளிரை நல்ல இல்லத்தரசியராக ஆக்கும் பயிற்சியாகவே அவர் நடிப்பைக் கருதினார். மணம் செய்துகொள்வோர் குழுவை விட்டு நீங்குதல் விதியாயிற்று. அவ்விதியை இக்காலத்தார் பலர் ஒப்பார்.

அதே 1914-இல் பேரிடர் ஒன்று நேர்ந்தது. கிடஹாமா வங்கி நெருக்கடிக்கு உள்ளாகி, இவாஷிதா பதவியிழந்தார். வங்கியின் கையிலிருந்த இரயில் நிறுவனப் பங்குகள் அயலார் கைக்குச் செல்லும் நிலை உண்டாயிற்று. கோபயாஷி கடன்பட்டுத் தாமும் வாங்கி, நண்பரையும் வாங்கச் செய்தார். அன்றுமுதலே நிறுவனம் மெய்யாக அவர் கைக்கு வந்தது எனலாம். 1918-இல் அதன் பெயர் ஹான்ஷின் விரைவு மின்சார இரயில் என மாற்றப்பெற்றது. அதன் சுருக்கமே ஹான்கியூ. 1920 ஜூலையில் கோபே நகருக்குச் செல்லும் புதிய பாதை திறக்கப்பட்டது. ஹான்ஷின் பாதை கடலோரத்து ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சென்றது; ஹான்கியூ பாதையோ மலையடிவாரத்தில் நேராகச் சென்றது. நேரான பாதையில் வேகம் மிகும் அன்றோ? 1934-இல் ஒசாகாவிலிருந்து கோபேக்கு 25 நிமிடங்களில் வண்டி ஓடிற்று. தொடக்கத்தில் கூட்டம் குறைவாக இருந்தபோது, அக்குறையையும் மறைக்காமல், இருக்கைகள் காலியாக உள்ளமையால் இனிது அமர்ந்து செல்லலாம் என்று விளம்பரம் செய்தார். 1929-இல் குவான்செய் காக்குயின் என்னும் கல்வி நிறுவனம் கோபேயிலிருந்து நிஷினோமியாவுக்கு இடம் பெயர அவர் நிலமும் பொருளும் ஏற்பாடு செய்தார். அலுவலர் நகரை நோக்கிச் செல்லும் காலைப்பொழுதில் மாணவர் எதிர்த்திசையில் செல்வர். வெறுமையாய்த் திரும்பும் வண்டி நிறையும்.

நகர்ப்புற முனையாகிய உமேதாவில் நாள்தோறும் கூடும் மக்களையும் அவர் நோக்கினார். 1920-இல் அங்கு ஐந்தடுக்குக் கட்டடம் எழுப்பி, கீழ்த்தளத்தை டோக்கியோவின் பழைய கடையொன்றுக்கு வாடகைக்கு விட்டார். அவ்வாணிகம் எங்ஙனம் நடக்கிறது என்று ஐந்தாண்டுகள் பொறுத்துப் பார்த்தபின், 1925-இல் தாமே கடை நடத்தலானார். 1929 ஏப்ரலில் நிலத்திற்கு மேல் எட்டு அடுக்குகளோடு ஹான்கியூ பல்பொருள் அங்காடி திறக்கப்பெற்றது. அதன் உணவகத்தில் மிகுதியாக விற்றது கறிக்குழம்பு ஊற்றிய சோறு. கறி என்னும் நம் தமிழ்ச்சொல் ஆங்கிலம் வழியாக ஜப்பானை அடைந்து, கரே என அங்கு வழங்குகிறது. அவ்வாண்டு முடிவில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் கையில் பொருள் குறைந்த இளைஞர் பலர், வெறுஞ்சோறு மட்டும் வாங்கி, மேசைமேல் இலவசமாக வைத்திருந்த சாஸ் என்னும் சுவைநீரை அதன்மேல் ஊற்றி உண்டனர். இதனைத் தடுக்கப் பணியாளர் விரும்பினர். கோபயாஷியோ, சோறு மட்டும் வேண்டுவோரையும் வரவேற்பதாக அறிவிப்புத் தொங்கவிடச் செய்து, ஊறுகாயும் உடன் வைக்கச் சொன்னார். இன்று வறியராயுள்ள இவ்விளைஞர் நாளை மணம் புரிந்து மக்களோடு வருவர் என்பது அவர் கணக்கு. அதனை இரக்கம் என்பதா, வாணிக அறிவு என்பதா? அவரிடம் அவ்விரண்டும் பிரிந்து நின்றதில்லை.

டோக்கியோவில் ஷிபுசாவா எய்இச்சி முதலியோர் தொடங்கிய தோட்ட நகர நிறுவனம் இடர்ப்பட்டபோது, கோபயாஷி ஊதியம் பெறாது திங்கள்தோறும் சென்று வழிகாட்டினார். அங்கு இரயில் பாதையை நடத்தத் தக்கவர் என்று கோதோ கெய்தா என்னும் இளையவரைச் சுட்டினார். 1923 செப்டம்பரில் பெருநிலநடுக்கத்தால் டோக்கியோ எரிந்தழிந்தபின், மக்கள் புறநகரை நாடி வந்தனர். கோதோவின் பாதை வளர்ந்தது. ஜப்பானின் பிற நகரங்களிலும் தனியார் இரயில் நிறுவனங்கள் வீடும் அங்காடியும் அமைக்கலாயின.

பின்னர் அவர் டோக்கியோ மின்விளக்கு நிறுவனத்தின் தலைவரானார். 1934-இல் டோக்கியோவில் தகராசுகா அரங்கைத் திறந்தார். அதிலிருந்து கிளைத்ததே தோஹோ திரைப்பட நிறுவனம். 1940-இல் வணிகத் தொழில் அமைச்சராகி, எண்ணெய் பற்றிப் பேச அந்நாளில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவுக்குச் சென்றார். பேச்சு பயன் தரவில்லை. தொழில்கள் அனைத்தையும் அரசே ஆட்டிவைக்க வேண்டும் என்ற தம் துணை அமைச்சர் கிஷி நொபுசுகேயோடு மாறுபட்டு, 1941-இல் பதவி நீங்கினார். போர் முடிந்தபின் அழிந்த நகரங்களைப் புதுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆனால் போர்க்கால அமைச்சரவையில் இருந்தமையால் 1946-இல் பொதுப்பணியினின்று விலக்கப்பட்டார். அவ்விலக்கு 1951-இல் நீங்கியது. வாணிகத்தில் அவருக்கு வாய்த்த வெற்றி அரசியலில் வாய்க்கவில்லை.

1957 ஜனவரி 25-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், இகெதாவிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். முதன்முதல் வீடுகள் விற்ற அதே ஊரிலேயே தாமும் குடியிருந்தார். தேநீர் விருந்திலும் பழங்கலைப் பொருள்களிலும் ஈடுபாடு மிக்க அவர், ஓவியங்களும் தேநீர்க் கலங்களுமாக ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பொருள்களைத் திரட்டியிருந்தார். இத்சுவோ என்பது அவர்தம் புனைபெயர். அப்பெயரால் அமைந்த கலைக்கூடம் அவ்வாண்டு அக்டோபரில் அவ்வில்லத்திலேயே திறக்கப்பெற்றது. பின்னர்க் கலைக்கூடம் அருகே வேறு கட்டடத்திற்கு மாற, இல்லம் அவர் நினைவகமாயிற்று. அவர் ஒருகால் வயல்களினூடே நடந்து சென்ற அத்தொலைவு முழுவதும் இப்போது வீடுகள் நெருங்கியுள்ளன. செம்பழுப்பு வண்ணம் பூசிய ஹான்கியூ வண்டிகள் அவற்றினிடையே காலையும் மாலையும் மக்களை ஏற்றிச் செல்கின்றன.